மென்பொருள் ஒரு வாரம், பெயர்த் திருத்தம் நான்கு மாதம்

முந்தாநாள்தான் எங்கள் ஊழியர் சேமலாப நிதி (தொழிலாளரின் ஓய்வுகாலச் சேமிப்பு) விவரம் ஒரு பிழையும் காட்டாமல் போய்ச் சேர்ந்தது. அப்பாடா என்று இருக்கிறது.

இலங்கை மலையகத்தில் ஹற்றன் பக்கம் வாகனங்களுக்கு ரப்பர் புஷ், கேஸ்கட், வொஷர் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. ஐரோப்பாவில் வாங்குபவர்கள் ஏற்றுமதிப் பத்திரங்களோடு சம்பளம், ஓ.டி. (மேலதிக நேர வேலை) பதிவுகளையும் கேட்கத் தொடங்கியதால், இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டோம். நிறுவுவது, ஆட்களைப் பழக்குவது எல்லாம் ஒரு வாரம்.

ஏற்றுமதிப் பக்கத்தில் வந்த சிக்கல் ஒன்றுதான். வாகன உதிரிப்பாகம் என்று பதிந்ததும் அது எல்லாவற்றுக்கும் 8708 என்ற சுங்கக் குறியீட்டைப் போட்டுவிட்டது. ரப்பர் கேஸ்கட், வொஷர் வாகனத்துக்கே போனாலும் 4016.93தான். 6000 யூரோவுக்கு மேற்பட்ட சரக்குக்கு ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற ஐரோப்பிய ஒன்றிய வரிச் சலுகை வேண்டுமென்றால், பதிவு பெற்ற ஏற்றுமதியாளராக நாமே மூலக் கூற்றை (பொருள் எந்த நாட்டினது என்ற உறுதியை) எழுதிக் கொடுக்கிறோம், அதற்குப் பொறுப்பும் நாமே. பொருள் பட்டியலை ஒவ்வொரு வரியாக உட்கார்ந்து பாருங்கள்.

சரி, தொழிலாளர் பக்கத்துக்கு வருகிறேன். பழைய அடையாள அட்டையில் 9 இலக்கமும் ஒரு எழுத்தும், புதியதில் 12 இலக்கம். இரண்டும் ஒரே ஆளுடையது என்பது மென்பொருளுக்குத் தெரியவில்லை. ரப்பரை அச்சில் வார்க்கும் பகுதியில் வேலை செய்யும் அக்கா ஒருவர் அட்டை தொலைந்து புதிது எடுத்திருந்தார், பட்டியலில் அவர் இரண்டு ஆளாக விழுந்துவிட்டார். பெண்களுக்கு ஓ.டி. மாதம் 60 மணிக்கு மேல் போனால் சிவப்பில் காட்ட வேண்டும், இவருடையது 34, 31 என்று பிரிந்து கிடந்ததால் 65 மணி யார் கண்ணிலும் படவில்லை. பழைய இலக்கத்தை மாற்றும் வழி இதுதான்: முன்னால் 19, பழைய இலக்கத்தின் ஐந்தாவது இலக்கத்துக்குப் பின்னால் ஒரு 0, கடைசி எழுத்தை விட்டுவிட வேண்டும்.

அப்புறம் பெயர். மலையகத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காதில் விழுந்தபடி யாரோ எழுதியிருப்பார்கள், லெட்சுமி ஒரு தாளில் லெச்சுமி, இன்னொன்றில் லெச்சிமி, தகப்பன் பெயர் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். எங்களிடம் 23 பேருக்கு சேமலாப நிதியில் இருந்த பெயரும் அடையாள அட்டைப் பெயரும் ஒத்துவரவில்லை. மாதா மாதம் அந்த நிதிக்கு அவர்கள் சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கிறோம், நிறுவனம் 12 வீதம் போடுகிறது. அந்தக் காசு பிழையான பெயரில் கிடந்தால் ஓய்வு பெறும் நாளில் யாரிடம் போய் நிற்பார்கள்?

ஆறு பேரின் கோப்போடு, அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் மலையிறங்கி, பெயர் திருத்தும் அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் முதல் தாளைப் புரட்டிவிட்டு, "சத்தியக் கடதாசி எங்கே?" என்றார். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று சத்தியம் செய்து எழுதும் தாள் அது. பிறப்புச் சான்றிதழும் நிறுவனக் கடிதமும் போதும் என்று முந்திய வாரம் தொலைபேசியில் சொன்னதும் அதே அலுவலகம்தான். சொல்லிப் பார்த்தேன், நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஆறு கோப்பும் அப்படியே திரும்பி வந்தன. அக்காவுக்கு அன்றைய சம்பளம் போய்விடும் என்றார்கள், நிர்வாகத்தோடு வாதாடி அதை மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

அதனால் சொல்கிறேன், மென்பொருளுக்குக் காசு கட்டுவதற்கு முன்பே பெயரையும் இலக்கத்தையும் ஒப்பிட்டுவிடுங்கள். கேட்கிறார்களோ இல்லையோ, சமாதான நீதவானின் கையொப்பத்தோடு சத்தியக் கடதாசி எடுத்து வையுங்கள், எல்லாவற்றிலும் இரண்டு பிரதி. பழைய பதிவேட்டை இரண்டு மாதமாவது கூடவே ஓட்டுங்கள். ஒரு மாதச் சேமலாப நிதிப் பங்களிப்பு அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் போக வேண்டும், பிந்தினால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை ஏறும்.

இதுவரை 19 பேருடையது திருத்தியாயிற்று. புதுச் சம்பளத் துண்டைக் கொடுத்தபோது அந்த அக்கா விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்துவிட்டு, "இப்பதான் தம்பி என் பேரு சரியா வந்திருக்கு" என்றார். மீதி நான்கு கோப்போடு திங்கட்கிழமை மறுபடி போகிறேன்.