கதவில் கட்டிய சலங்கை

அடுக்குமாடி வீட்டில் நாய்க்குட்டி வளர்க்கிற எல்லாருக்கும் முதல் கவலை இதுதான்: அதற்கு ஒண்ணுக்கோ ரெண்டுக்கோ வரும்போது நமக்கு எப்படித் தெரியும்? தனி வீடு என்றால் கொல்லைக் கதவைத் திறந்து வைத்துவிடலாம். நாங்கள் மதுரையில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். படி இறங்கி, பார்க்கிங்கைத் தாண்டி, காம்பவுண்டுச் சுவர் ஓரமாக இருக்கும் வேப்ப மரத்தடிக்குப் போக வேண்டும். எங்கள் நாட்டு நாய்க்குட்டி மிளகுக்கு அதற்கு ஒரு ஆள் துணை வேண்டும். அந்த ஆளைக் கூப்பிடத்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். கதவுப் பிடியில் சலங்கை கட்டி, அதை மூக்கால் தட்டப் பழக்கினோம்.

எந்தக் குட்டியிடமும் அறிகுறி ஏற்கெனவே இருக்கும். விளையாடிக்கொண்டே இருக்கும், சட்டென்று நின்றுவிடும். தரையை முகர்ந்தபடி சின்னதாக வட்டமடிக்கும். சோபாவுக்குப் பின்னால் நழுவும். மிளகு இதெல்லாம் செய்வாள், அப்புறம் கதவுப் பக்கம் போய்ச் சத்தமே இல்லாமல் உட்கார்ந்துவிடுவாள். சமையலறையில் மிக்ஸி ஓடும்போது, கூடத்தில் டிவி பாடும்போது, அவள் அங்கே உட்கார்ந்திருப்பது யார் கண்ணில் படும்? குரைக்கப் பழக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் குரைத்தால் கதவு திறக்கும் என்று ஒரு நாய் கற்றுக்கொண்டால் அதோடு நிற்காது. சாப்பாட்டுக்கும் குரைக்கும், விளையாட்டுக்கும் குரைக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு எதிர்வீட்டுக் கைக்குழந்தையும் எழுந்துவிடும். சலங்கை மணி அப்படியில்லை. நமக்குக் கேட்கும், பக்கத்து வீட்டுக்குக் கேட்காது.

மணிக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வெளியே போவது என்றால் என்ன என்றே தெரியாத குட்டிக்கு மணியைக் காட்டிப் பயனில்லை. தடுப்பூசி வரிசை முடியும்போது குட்டிக்கு ஏறக்குறைய 16 வார வயது ஆகியிருக்கும், அதுவரை மற்ற நாய்கள் நடமாடும் மண்ணில் இறக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குட்டிகளின் உயிரையே எடுக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் வீரியம் குறையாமல் கிடக்கும். அதனால் பால்கனியில் ஒரு அகலமான பிளாஸ்டிக் தட்டை வைத்து, கடையில் வாங்கிய செடித்தொட்டி மண்ணை அதில் பரப்பினோம். நியூஸ்பேப்பர் போடலாம்தான். ஆனால் காலுக்குக் கீழே எது படுகிறதோ அதில்தான் போக வேண்டும் என்று குட்டியின் மனதில் பதியும். பிற்பாடு வீட்டில் எங்கே பேப்பர் கிடந்தாலும் அங்கே உட்காரும். மண்ணில் பழகியதால் மரத்தடிக்கு மாறும்போது மிளகு கொஞ்சமும் தயங்கவில்லை.

அந்த மாதங்களில் கடிகாரம் பார்த்துத்தான் வேலை. தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில், ஓடி ஆடி முடித்ததும், இரவு படுக்கும் முன். பகலில், வயது எத்தனை மாதமோ ஏறக்குறைய அத்தனை மணி நேரம் குட்டியால் அடக்க முடியும் என்று ஒரு பொதுக்கணக்கு உண்டு. மூன்று மாதக் குட்டி என்றால் மூன்று மணி நேரம்; அதுவும் மேல்வரம்பு. அதற்கு முன்னாலேயே தூக்கிக்கொண்டு போய்விடுவதுதான் நல்லது.

வீட்டுக்குள் போய்விட்டால் மூக்கைத் தரையில் தேய்த்து அடிக்க வேண்டும் என்று அப்பா சொன்னார். அவர் காலத்தில் ஊரில் அப்படித்தான் செய்வார்களாம். நான் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. அடிபட்ட குட்டி, 'இந்த இடத்தில் போகக் கூடாது' என்று கற்பதில்லை; 'இந்த ஆள் பார்க்கும்போது போகக் கூடாது' என்றுதான் கற்கிறது. பிறகு கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்து போகும். நம் முன்னால் வந்து மணியடித்துக் கேட்க வேண்டிய குட்டியை நம்மிடமிருந்தே ஒளிய வைத்துவிட்டால் அப்புறம் எதைச் சொல்லிக்கொடுப்பது? பேசாமல் துடைத்துவிட வேண்டியதுதான். அதையும் சரியாகத் துடைக்க வேண்டும். பினாயில் வாசம் நம் மூக்கைத்தான் ஏமாற்றும். நாய்க்கு அடியில் இருக்கும் வாடை தெரியும், அதே இடத்துக்குத் திரும்ப வரும். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் கிளீனர்தான் அந்த வாடையை அறுக்கிறது.

சலங்கை வாங்கியது மாட்டுக் கயிறும் மூக்கணாங்கயிறும் விற்கிற ஒரு கடையில். மாட்டுக் கழுத்துக்குக் கட்டும் தோல் பட்டை, அதில் வரிசையாகப் பித்தளைச் சலங்கைகள். குலுக்கினால் கூடம் அதிரும். குட்டி மிரளாமல் இருக்க, ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைப் பழைய துணியால் இறுக்கிச் சுற்றினேன். அதை உள்ளங்கையில் வைத்து மிளகின் முகத்துக்கு எதிரே நீட்டினேன். அவள் என்னவென்று மோந்து பார்க்க வந்தாள். மூக்கு பட்டு 'சிலுங்' என்றதும் "சபாஷ்" சொல்லி, வேகவைத்த கோழி ஈரலில் ஒரு துணுக்கு. நகத்தளவுதான். மறுபடி நீட்டினேன், மறுபடி தட்டினாள். நன்றாகத் தட்டுகிறாள் என்று தெரிந்ததும் துணியை அவிழ்த்து ஒவ்வொரு சலங்கையாக விடுவித்தேன். பட்டையைக் கதவுப் பிடியில் அவள் மூக்கு உயரத்துக்குத் தொங்கவிட்டேன்.

இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது, பலரும் கவனிக்காமல் விடுவது. கதவுக்கு வந்த பிறகு, மணியைத் தட்டியதற்கு ஈரல் கொடுக்கக் கூடாது. தட்டினால் கதவு திறக்கும், அவ்வளவுதான். ஈரல் கீழே மரத்தடியில், ஒண்ணுக்குப் போய் முடித்த அந்த நொடியில், அங்கேயே. வீட்டுக்குத் திரும்பி வந்து கொடுத்தால், திரும்பி வந்ததற்குக் கொடுத்ததாகத்தான் நாய் எடுத்துக்கொள்ளும். கதவிலேயே கொடுத்துக்கொண்டிருந்தால் பசிக்கும்போதெல்லாம் மணி அடிக்கும். மணிச் சத்தத்தோடு நாயைப் பற்றிப் பேசினாலே ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் பெயர் வந்துவிடும். 1904இல் செரிமானம் பற்றிய ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றவர். சாப்பாட்டோடு சேர்த்துக் கேட்டுப் பழகிய ஒலிக்கே அவருடைய நாய்களுக்கு எச்சில் ஊறியது. அது தானாக நடப்பது. இங்கே ஒலியை எழுப்புவதே நாய்தான், அதன் பலனும் நாய்க்குத்தான். இது அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் விளக்கிய வகை: செய்தால் கிடைக்கும், கிடைத்தால் மறுபடி செய்யும்.

அதனால் வெளியே போகும் ஒவ்வொரு தடவையும், நாங்களாகக் கூட்டிப்போனாலும்கூட, மணியைத் தட்டிவிட்டுத்தான் கதவு. மரத்தடியில் அவள் குந்தும்போது "ஒண்ணுக்குப் போ" என்று மெதுவாக ஒரு தடவை சொல்வேன். பின்னால் மழையில் நிற்கும்போது அந்தச் சொல் பெரிய உதவி.

அவளாக முதல் முறை அடித்தது ஒரு மத்தியானம். குக்கரில் இரண்டாவது விசில் வந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவே கூடத்திலிருந்து ஒற்றைச் 'சிலுங்'. எட்டிப் பார்த்தால் கதவடியில் நின்று சலங்கையைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். முன்னங்கால் ஒன்று தூக்கியபடி நடுங்குகிறது. அடுப்பை அணைத்துவிட்டு அவளை அள்ளிக்கொண்டு படியிறங்கினேன். அவசரத்தில் இருக்கும் குட்டியை நடத்திக்கூட்டிப் போனால் லிஃப்ட் வாசலிலேயே முடிந்துவிடும். கையில் தூக்கினால் அடக்கிக்கொள்ளும். மரத்தடியில் இறக்கியதும் நீண்ட நேரம் போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையாகவே. பேச முடியாத ஒரு ஜீவன் எனக்கு இது வேண்டும் என்று கேட்டு, அது கிடைத்த முதல் நாள்.

அப்புறம் எல்லா நாய்களும் வருகிற கட்டத்துக்கு அவளும் வந்தாள். படிக்கட்டில் பூனை போனால் மணி, கீழே பிள்ளைகள் பந்து விளையாடினால் மணி. கண்டுகொள்ளாமல் விட்டால் மணிக்கு மதிப்பு போய்விடும். அதனால் ஒவ்வொரு மணிக்கும் எழுந்தோம். ஆனால் போகும் இடம் மரத்தடி மட்டும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் பேசாமல் நிற்பது. போகவில்லையா, சரி, நேராக மேலே. போனால் ஈரலும் உண்டு, தெருமுனை வரை ஒரு நடையும் உண்டு. மணியடித்தால் கிடைப்பது மரத்தடிதான், விளையாட்டு இல்லை என்று அவளுக்கே பிடிபட்டுவிட்டது. அம்மாவின் பூஜை மணிக்குக் கதவுக்கு ஓடுவதும் இதே மாதிரிதான் நின்றது: அந்த மணிக்கு யாரும் கதவைத் திறப்பதில்லை.

நாயைவிட வீட்டு மனிதர்களைப் பழக்குவதில்தான் எனக்கு உழைப்பு அதிகம் என்பேன். 'நீ போ, நான் போ' என்று ஆளுக்கு ஆள் முகம் பார்க்கும் அரை நிமிடத்தில் குட்டி நம்பிக்கை இழந்துவிடும். கதவுக்கு யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் எழ வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். விடிகாலையில் மணி அடித்தால் அப்பா. அவருக்கு எப்படியும் நாலரைக்கு விழிப்பு வந்துவிடும்.

இந்தப் பழக்கம் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது அவள் வளர்ந்த பிறகு. ஒரு சாயங்காலம் மணியடித்தாள், கூட்டிப்போனேன், சில சொட்டுதான் வந்தது. மேலே வந்த சிறிது நேரத்தில் மறுபடி மணி. மறுபடி சொட்டு. முக்குகிறாள். விளையாட்டு மணி இல்லை என்பது அவள் நிற்கிற விதத்திலேயே தெரிந்தது. டாக்டர் சிறுநீர் கொண்டுவரச் சொன்னார். பெண் நாயிடம் அதைப் பிடிக்க நீளக் காம்புக் கரண்டிதான் வசதி. வெந்நீரில் கொதிக்கவைத்த கரண்டியோடு பின்னால் நின்று, அவள் குந்தியதும் அடியில் நீட்டி, பாட்டிலில் ஊற்றி எடுத்துப் போனேன். சிறுநீர்த் தொற்று. மருந்தில் குணமாகிவிட்டது. நன்கு பழகிய நாய் திடீரென்று அடிக்கடி கேட்டாலோ, வீட்டுக்குள் போய்விட்டாலோ, பழக்கம் கெட்டுவிட்டது என்று நினைக்காமல் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

வயதான நாய்க்கு இது வராது என்பார்கள். வரும், மூக்கால் தொடுவது, கதவு திறப்பது என்ற அதே வரிசைதான். ஊருக்குப் போகும்போது பட்டையைக் கழற்றி எடுத்துப்போய் அங்கே கொல்லைக் கதவில் கட்டிவிடுகிறோம். கட்டியதை அவள் பார்க்கும்படி ஒருமுறை தட்டிக் காட்டி, உடனே வெளியே கூட்டிப்போனால் போதும். ஒன்றே ஒன்று: கடித்து விளையாடுகிற வயதுக் குட்டி என்றால், வாய்க்குள் போகிற அளவுச் சின்னச் சலங்கை வேண்டாம், விழுங்கிவிடும். பெரியதாக வாங்கி, தையலை அடிக்கடி இழுத்துப் பாருங்கள்.