டிடெக்டர் பழகிய மாதம்

பெப்ரவரி 6, 2023, திங்கள்

மிதிவெடி அகற்றுகிற வேலையில் மூன்று வருடம் ரேக் பிடித்துக் காய்த்த கையில் இன்றைக்கு உலோகம் காட்டுகிற டிடெக்டரைத் தந்தார்கள். பெரிய பாரம் என்று சொல்ல முடியாது. ஆனால் நீட்டிப் பிடித்தபடி பத்து நிமிடம் நின்றால் தோள்மூட்டு விண்விண் என்கிறது.

"முகமாலையில நிண்டனீங்கள் எண்டால் இதைத் தொட்டிருக்கவே மாட்டியள்" என்றார் பயிற்சி தரும் அண்ணா. உண்மைதான். 2000ஆம் ஆண்டிலிருந்து 2009 ஜனவரி வரை சண்டையின் முன்னரங்காக இருந்த மண் அது. கையகல நிலத்தில் சன்னம், ஷெல் சிதறல், முட்கம்பித் துண்டு எல்லாம் கிடக்கும். அங்கே டிடெக்டரைப் பிடித்தால் ஒரே கூச்சல், எதை நம்புவது? அதனால்தான் நாங்கள் ரேக்கால் மண்ணை அடுக்கடுக்காக வறண்டி, கண்ணால் பார்த்து எடுத்தோம். ஒரு நாளைக்கு இரண்டு பாய் விரிக்கிற அளவு நிலம் முடித்தால் அன்றைக்கு நல்ல நாள்.

இப்போது எங்கள் குழுவுக்குக் கிளாலிப் பக்கம், நீரேரிக் கரையோரம் ஒரு தென்னங்காணி வருகிறதாம். அங்கே சண்டை குறைவு, இரும்பும் குறைவு. அதனால் டிடெக்டர். மூன்று கிழமை பயிற்சி, பிறகு சோதனை. சோதனையில் விட்டால் திரும்ப ரேக்.

அம்மாவிடம் சொன்னேன். "அது நல்லதோ கூடாதோ?" என்று கேட்டா. இன்னும் தெரியவில்லை என்றேன்.

பெப்ரவரி 7, செவ்வாய்

இந்த மெஷினில் திரை இல்லை, எண் இல்லை. ஒரு சுவிட்ச், சத்தம் கூட்டிக் குறைக்க ஒன்று, மண்ணைப் பழக்க ஒரு பொத்தான், டோர்ச்சுக்குப் போடுகிற மாதிரிப் பெரிய பற்றரி நாலு. மிச்சம் எல்லாம் காதுக்குத்தான் வேலை.

அண்ணா விளங்கப்படுத்திய விதம் எனக்குப் பிடித்தது. வட்டத் தட்டுக்குள் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் துடிப்புத் துடிப்பாக ஓடி ஓடி நிற்கிறது. ஒவ்வொரு முறை சட்டென்று நிற்கும்போதும், கீழே உலோகம் இருந்தால் அதற்குள் ஒரு சிறு மின்னோட்டம் சுழன்று மெல்ல அடங்கும். அடங்குகிற அந்த மைக்ரோசெக்கன் கணக்கான நேரத்தைத்தான் தட்டு கேட்கிறது. "கோயில் மணியை அடிச்சிட்டுக் கையை எடுத்தாப் பிறகும் காதில நிக்குமே, அந்த ரீங்காரம்தான்" என்றார்.

காலையில் மெஷினைப் போட்டதும் முதல் வேலை டெஸ்ட் பீஸ். மிதிவெடியில் இருக்கிற அளவு இரும்பை மட்டும் ஒரு பிளாஸ்ரிக் குச்சிக்குள் வைத்திருக்கிறார்கள். குண்டூசியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். பாகிஸ்தானில் செய்த பி4 என்ற மிதிவெடி முழுக்கப் பிளாஸ்ரிக். இரும்பு என்றால் உள்ளே இருக்கிற ஊசியும் சுருளும் மாதிரிச் சில்லறைகள் மட்டும். எங்கள் பயிற்சித் தரையில் டெஸ்ட் பீஸை 13 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து, தெளிவாகக் கேட்டால்தான் மெஷினோடு லேனுக்குள், அதாவது வெடி தேடுகிற ஒடுங்கிய பாதைக்குள், போகலாம். கேட்காவிட்டால் அந்த மெஷின் அன்றைக்கு வெளியே போகாது. அதில் பேச்சே இல்லை.

பெப்ரவரி 9, வியாழன்

இன்றைக்கு வெட்கப்பட்டுப் போனேன். எழுதி வைக்கத்தான் வேண்டும்.

பயிற்சித் தரையில் மூன்று பாத்தி: ஒன்று வெள்ளை மணல், ஒன்று செம்மண், ஒன்று ரோட்டுக்குப் பரப்புகிற கிறவல். மணலில் மெஷின் அமைதி. கிறவலில் ஒன்றும் புதைக்காமலே அது முனகத் தொடங்கியது. கிறவலில் இரும்புத் தாது கலந்திருப்பதால் மண்ணே கொஞ்சம் மறுமொழி சொல்கிறது. அதற்குத்தான் மண் பழக்கும் பொத்தான். பொத்தானை அழுத்திக்கொண்டு தட்டை மண்ணுக்கு மேலே மெல்ல ஏற்றி இறக்க, மெஷின் "இது மண்" என்று மனதில் பதித்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கழித்துவிடும்.

நான் பாத்தியின் மூலையில் நின்று அப்படியே செய்தேன். முனகல் நின்றது. எனக்குச் சந்தோசம். ஐந்து நிமிடத்தில் பழகிவிட்டேன் என்று பக்கத்தில் நின்ற பூநகரி அக்காவுக்குக் கண்ணைக் காட்டினேன். அண்ணா ஒன்றும் பேசாமல் டெஸ்ட் பீஸைக் கொண்டுவந்து கிறவலுக்குள் வைத்தார். தட்டை ஓட்டினேன். சத்தம் இல்லை. திரும்ப ஓட்டினேன். ஒரு மூச்சு விட்ட மாதிரி ஏதோ கேட்டது, அவ்வளவுதான்.

அவர் குனிந்து, நான் மண் பழக்கிய அதே மூலையைக் கரண்டியால் கிளறினார். துருப்பிடித்த இரண்டங்குல ஆணி. நான் மெஷினுக்கு மண்ணைப் படிப்பிக்காமல் ஆணியைப் படிப்பித்திருக்கிறேன்.

"மெஷினில பிழை இல்லைப் பிள்ளை. நீங்கள் சொன்னதைத்தான் அது கேட்டிருக்கு."

அதற்குப் பிறகு சொன்ன விதி இரண்டு. மண் பழக்கும் இடத்தில் உலோகம் இல்லை என்று முதலில் நாலைந்து திசையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மண் பழக்கின பிறகு, எத்தனை அவசரம் என்றாலும், டெஸ்ட் பீஸைத் திரும்பக் காட்ட வேண்டும். காலையில் காட்டினேன் என்பது கணக்கில்லை. பொத்தானைத் தொட்டால் திரும்பவும் பூச்சியத்தில் இருந்துதான்.

ஆணியை நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

பெப்ரவரி 10, வெள்ளி

இரண்டு மெஷின் கிட்டக் கிட்ட நின்றால் ஒன்றின் துடிப்பு மற்றதுக்குக் கேட்டு, இரண்டும் சேர்ந்து கத்துகின்றன. இதைத் தெரியாமல் நானும் பூநகரி அக்காவும் அரை மணித்தியாலம் ஒருவர் மெஷினை ஒருவர் பழுது என்று சொல்லிக்கொண்டிருந்தோம். கைபேசி, இடுப்புப் பட்டிக் கொளுவி, சப்பாத்துக்குள் இருக்கிற இரும்பு, காப்பு எல்லாம் இதே கதை. காப்பைக் கழற்றிச் சோற்றுப் பெட்டிக்குள் போட்டேன்.

பெப்ரவரி 13, திங்கள்

தட்டை ஓட்டுவது பார்க்கச் சும்மா இருக்கிறது. வேகமாக ஓட்டினால் சின்னச் சத்தம் தப்பிவிடும். உயர்த்தினால் ஆழம் போய்விடும். மண்ணில் முட்டினால் அதுவே ஒரு சத்தம் போடும். ஒவ்வொரு வீச்சும் முன் வீச்சில் பாதியை மூட வேண்டும். முற்றம் கூட்டும்போது ஈர்க்குக்கட்டின் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுமே, அப்படி. ஆனால் முற்றம் கூட்டுகிற கை வீச்சின் கடைசியில் தானாக மேலே எழும்பும். அந்தப் பழக்கத்தை முறிக்க இரண்டு நாள் போயிற்று. லேனின் இரண்டு ஓரமும்தான் ஆபத்தான இடம் என்று அண்ணா தடியால் என் தட்டைத் தட்டித் தட்டிச் சொன்னார்.

சத்தம் கேட்டால் அடுத்தது அது எங்கே என்று பிடிப்பது. சத்தத்தின் நடுவைத் தேடக்கூடாது, விளிம்பைத் தேட வேண்டும். முன்னாலிருந்து தட்டை மெல்லக் கொண்டுபோய்ச் சத்தம் தொடங்குகிற இடத்தில் ஒரு குறி. பிறகு வலமிருந்து, இடமிருந்து, தட்டைத் தாண்ட வைத்து மறுபக்கமிருந்து. நாலு குறிக்கும் நடுவில் சாமான் இருக்கிறது. கம்பித் துண்டு என்றால் குறிகள் நீட்டுக்கு விழும். சின்னச் சாமான் என்றால் வட்டமாக நெருங்கும்.

பின்னேரம் ஒரு விளையாட்டுக் காட்டினார். சோடா மூடி ஒன்றையும், வெடிமருந்து எடுத்த பி4 ஒன்றையும் ஒரே ஆழத்தில் புதைத்தார். சோடா மூடி ஊரைக் கூட்டியது. மிதிவெடி, நுளம்பு காதுக்குக் கிட்ட வந்து போன மாதிரி. மூன்று பேரில் ஒருவர் அதைக் கேட்கவே இல்லை. அந்த ஒருவர் நான் இல்லை, ஆனால் நானாக இருந்திருக்கலாம்.

பெப்ரவரி 15, புதன்

சித்தியின் மகன் இங்கிலாந்தில் சபோக் பக்கம் இருக்கிறான். அவனும் பொழுதுபோக்குக்கு ஒரு டிடெக்டர் வாங்கி, கமக்காரர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, உழுத வயலில் நடக்கிறான். நேற்று இரவு வட்சப்பில் படம் அனுப்பியிருந்தான். கைப்பிடியில் திரை, திரையில் எண்கள்.

"அக்கா, உங்கட மெஷினில டிஸ்கிரிமினேசன் எத்தினையில வைக்கிறனீங்கள்?"

அது என்ன என்று அவனே சொன்னான். அவனுடைய மெஷின், சாமானின் தன்மையைப் பார்த்து 0 முதல் 99 வரை ஒரு எண் காட்டும். இரும்பு கீழே, வெள்ளியும் செம்பும் மேலே. ஆணி வேண்டாம் என்றால் கீழ் எண்களை அடைத்துவிடலாம், மெஷின் அவற்றுக்கு வாய் திறக்காது. அப்படி அடைத்துவிட்டு நிம்மதியாக நடக்கிறானாம்.

எங்களுக்கு அந்த வசதி இல்லை, இருந்தாலும் விடமாட்டார்கள் என்றேன். அவன் வேண்டாம் என்று அடைக்கிற அந்தச் சின்ன இரும்புதான் நாங்கள் தேடுகிற சாமான். எங்கள் மெஷின் உலோகம் என்று மட்டும் சொல்லும். எல்லாவற்றையும் மிதிவெடி என்று நினைத்துத்தான் தோண்ட வேண்டும், கடைசியில் அது சாடின் மீன் பேணி மூடியாக இருந்தாலும்.

அவனுக்கும் அந்த வசதி முழுதாகப் பலிக்கவில்லை. சோடாப் பேணியின் இழுப்பு வளையமும் மெல்லிய தங்க மோதிரமும் அவன் திரையில் ஏறக்குறைய ஒரே எண்தானாம். வளையம் வேண்டாம் என்று அடைத்தால் மோதிரமும் போய்விடும். பிறகு இன்னொன்று கேட்டான்: சத்தம் ஓயாமல் உடைந்து உடைந்து வருகிறது, என்ன செய்ய? மெஷினின் நுண்ணுணர்வை உச்சத்தில் வைத்திருக்கிறான். எல்லோரும் செய்வது. உச்சத்தில் வைத்தால் மின்கம்பியின் இரைச்சல், மண்ணின் முனகல் எல்லாம் சேர்ந்து வரும், அதற்குள் நல்ல சத்தம் அமுங்கிவிடும். மண்ணைப் பழக்கி, பிறகு மெஷின் அமைதியாகிற அளவுக்குக் குறைத்து, ஒரு காசைப் புதைத்துக் கேட்டுப் பார் என்றேன். ஒன்பது நாள் பழகின ஆள் சொல்கிற புத்திமதி!

அவன் பக்கத்து ஊர்க் கதை ஒன்றும் சொன்னான். 1992இல் ஹொக்ஸன் என்ற கிராமத்தில் ஒரு கமக்காரரின் சுத்தியல் தொலைந்துபோக, அதைத் தேடித்தர எரிக் லோஸ் என்பவர் டிடெக்டரோடு போயிருக்கிறார். கிடைத்தது ரோமர் காலத்துப் புதையல். பதினாலாயிரத்துக்கு மேல் பொன், வெள்ளிக் காசுகள். அவர் கொஞ்சத்தை எடுத்ததும் தோண்டுவதை நிறுத்திவிட்டு அறிவித்தாராம். தொல்லியல்காரர் வந்து, பெட்டிக்குள் எது எங்கே இருந்தது என்று பார்த்து எடுத்தார்கள். சுத்தியலும் பிறகு கிடைத்து, இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. நிறுத்திவிட்டுக் கூப்பிட்ட அந்த மனிசனை எங்கள் அண்ணாவுக்குப் பிடிக்கும்.

இங்கே டிடெக்டரைக் கண்டாலே சனம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "பிள்ளை, தங்கம் காட்டுமோ?" புதையல் தோண்டப் போய்ப் பொலிஸில் பிடிபடுகிற செய்தி வராத மாதம் இல்லை. என் வீட்டுக்காரர் உட்பட ஆறு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள்.

பெப்ரவரி 18, சனி

சிவராத்திரி. கோயிலில் நாலாம் சாமம்வரை இருந்தேன். மணி அடித்து ஓய்ந்த பிறகு அந்த ரீங்காரத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். இதுவும் ஒரு வியாதி.

பெப்ரவரி 21, செவ்வாய்

இரவு எதிர்பாராத மழை. காலையில் நீரேரிக் கரையோரப் பயிற்சி லேனில் மெஷின் பைத்தியம் பிடித்த மாதிரி. நேற்று அமைதியாக இருந்த அதே மண். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை இன்றைக்குக் காதால் கேட்டேன். ஈர உப்பு மண்ணும் ஒரு மெல்லிய உலோகத் தகடு மாதிரி மறுமொழி சொல்கிறது. தட்டு ஒரு விரல் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் சத்தம் மாறுகிறது.

நான் பொத்தானை அழுத்தி அழுத்தி மண் பழக்கினேன். ஒவ்வொரு முறையும் டெஸ்ட் பீஸ் பலவீனமாகிக்கொண்டே போனது. நாலாம் முறை கேட்கவில்லை. கையைத் தூக்கினேன். "இண்டைக்கு இந்த மண்ணில இந்த மெஷின் சரிவராது. காயட்டும்" என்று அண்ணா எல்லோரையும் வெளியே எடுத்தார். பத்து மணிக்கே பிளேன்டீ. கையைத் தூக்கினதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கொப்பியில் ஏதோ எழுதினார்.

பெப்ரவரி 24, வெள்ளி

சோதனை. எங்கே எத்தனை புதைத்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. எல்லாம் பிடித்தேன். ஒன்றின் குறியை நாலு விரல் தள்ளி வைத்ததற்கு ஏச்சு விழுந்தது. பூநகரி அக்காவும் பாஸ். ஒரு தம்பி திரும்ப ரேக்குக்குப் போகிறான். அவனுக்கு அதில் கவலை இருக்கிற மாதிரித் தெரியவில்லை.

மார்ச் 2, வியாழன்

இரண்டாம் நாள், உண்மையான லேன். ஒரு மீட்டர் அகலம். இரண்டு பக்கமும் தடி, முன்னால் குறுக்கே ஒரு தடி. அதைத் தாண்டிக் கால் போகக்கூடாது. முகக்கவசத்துக்குள் வேர்வை வழிந்து மூக்கு நுனியில் தொங்கும், துடைக்க முடியாது.

மத்தியானத்துக்கு முன் மூன்று சத்தம்: முட்கம்பி, சோடா மூடி, இன்னொரு சோடா மூடி. ஒவ்வொன்றுக்கும் குறிக்கு ஒரு சாண் முன்னாலேயே பள்ளம் தொடங்கி, கரண்டியைச் சரித்து, பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டி நெருங்க வேண்டும். மேலிருந்து குத்தக்கூடாது. ஒரு சோடா மூடிக்கு இருபது நிமிடம்.

பதினொன்றரை இருக்கும். தென்னை வேர் ஒன்றுக்குப் பக்கத்தில் நுளம்பு. ஓட்டினேன், இல்லை. திரும்ப ஓட்டினேன், இருந்தது. தட்டைத் தூக்கி, பின்னுக்குப் போய், டெஸ்ட் பீஸைக் காட்டினேன். சரியாகக் கேட்டது. திரும்ப வந்து நாலு பக்கமும் குறி வைத்தேன். குறிகள் வட்டமாக நெருங்கின.

சுரண்டினேன். ஈர மணல், வேர்நார், பிறகு மண்ணை விடக் கொஞ்சம் கறுத்த ஒரு வளைந்த விளிம்பு. விரல் நகம் அளவுதான் தெரிந்தது. கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் தூக்கினேன்.

அண்ணா வந்து குனிந்து பார்த்தார். "பி4" என்றார். சிவப்புத் தடி நட்டு, எங்கள் எல்லோரையும் பின்னுக்கு அனுப்பினார். அதை இருந்த இடத்திலேயே வெடிக்கவைப்பது பின்னேர வேலை, அது வேறு ஆட்கள்.

சாப்பாட்டுக் கொட்டிலில் அவர் வரைபடத்தை விரித்துப் போன மாதம் பக்கத்துக் காணியில் எடுத்தவற்றைக் காட்டினார். புள்ளிகள் வரிசையாகப் போகின்றன. இன்றைக்குக் கிடைத்ததையும் வைத்து ரூலர் போட்டால் கோடு என் லேனைக் கடந்து பூநகரி அக்காவின் லேனுக்குள் போகிறது. அவ புட்டைக் குழைத்தபடி அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"நாளைக்கு முதல்ல என்ர மெஷினுக்குப் பற்றரி மாத்துங்கோ அண்ணா" என்றா.