ஒரே லினக்ஸ், மூன்று லேப்டாப்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததும், உறவினர்களின் லேப்டாப்புகள் நாகர்கோவிலில் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தன. எல்லாவற்றிலும் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைத்தான் போட்டேன். போடுவது சுலபம். அப்புறம் வருவதுதான் வேலை. அது மெஷினுக்கு மெஷின் மாறுகிறது.

முதலில் வந்தது சித்தி மகளுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அதைவிட வேகமான எஸ்எஸ்டி மாட்டியதிலேயே பாதி நோய் தீர்ந்தது. வைஃபை மட்டும் தெரியவில்லை. சில வைஃபை சிப்புகளை இயக்கும் மென்பொருளான டிரைவர் மின்ட்டோடு சேர்ந்து வராது; அதை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு வைஃபை வேண்டும்! போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து அதன் நெட்டைப் பகிரும் டெதரிங்கைப் போட்டு, மின்ட்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் வேண்டிய டிரைவரை அதுவே காட்டியது. ரீஸ்டார்ட் செய்ததும் வைஃபை வந்துவிட்டது.

படுத்தி எடுத்தது மார்த்தாண்டத்து அண்ணனின் புது மெஷின். கடைக் கணக்கு பார்ப்பது மைனிதான். “தம்பி, இதுல டாலி ஓடுமா?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. டாலிக்கு விண்டோஸ் வேண்டும் என்பதால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடிவு செய்தோம். இன்ஸ்டாலரைத் திறந்தால் டிஸ்க்கே இல்லை என்கிறது. மெஷினின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில், டிஸ்க்கைக் கையாளும் முறை ‘ரெய்டு’ என்று இருந்ததுதான் காரணம். அதை ‘ஏஹெச்சிஐ’க்கு மாற்ற வேண்டும். ஆனால் சட்டென்று மாற்றினால் விண்டோஸ் எழும்பாமல் போகலாம். முதலில், விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் ரெக்கவரி கீயை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். விண்டோஸை, அவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் எழும்படி வைத்து, ரீஸ்டார்ட்டின் நடுவே பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை உள்ளே போனபின் விண்டோஸ் வழக்கம்போல் எழும்படி ஆக்கினேன். விண்டோஸை முழுதாக அணையவிடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் பாகத்தில் லினக்ஸிலிருந்து எழுத முடியாது. டாலி பிழைத்தது, மைனியும் சமாதானம்.

மூன்றாவது நான் செகண்ட் ஹேண்டில் வாங்கிய திங்க்பேட். அன்றே எல்லாம் ஓடியது, தூக்கம் தவிர. மூடி வைத்தால் சார்ஜ் மெல்ல இறங்கும். இடவப்பாதி மழையில் கரண்டு எப்போது போகும் என்று தெரியாத ஊரில் இது சின்ன விஷயமில்லை. பார்த்தால், அது லேசான தூக்கத்தில்தான் இருந்திருக்கிறது. லினக்ஸைத் துவக்கிவைக்கும் கிரப்பின் அமைப்பில், ஆழ்ந்த தூக்கத்துக்கான ‘டீப்’ என்று மாற்றினேன், சரியாயிற்று. எல்லா மெஷினிலும் இந்த வசதி கிடையாது.

இப்போதெல்லாம் யார் கொண்டுவந்தாலும் முதலில் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிக் காட்டுகிறேன். வைஃபை, சத்தம், கேமரா, மூடித் திறந்தால் எழும்புகிறதா, இவ்வளவையும் பார்த்த பிறகுதான் டிஸ்க்கில் கை வைப்பேன். கைரேகை சென்சாருக்கு மட்டும் நான் வாக்குக் கொடுப்பதில்லை.