ஒரு மணி நேரம் டைரக்ட்

முடியாது என்று நான் சொன்னது சரிதான். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அன்று கேட்டவர் மேஸ்திரியாகவோ சைட் இன்ஜினியராகவோ இருந்திருந்தால் இவ்வளவு காலம் உறுத்தியிருக்காது. நான் சைட்டில் எலக்ட்ரிக்கல்காரன்; கேட்டவர், கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரைப் பிடித்த அண்ணன்.

தூறலில் ஸ்லாப் கான்கிரீட் பாதிவரை வந்திருந்தது. கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் ஈஎல்சிபி திரும்பத் திரும்ப ட்ரிப் ஆனது. ஒவ்வொரு லைனாகக் கழற்றிப் பார்த்தேன், வைப்ரேட்டர் லைன்தான். "ஒரு மணி நேரத்துக்கு டைரக்ட்டா கொடுங்க சார். பூட்ஸ் இருக்கு, கிளவுஸ் இருக்கு. பிடிக்கிற நானே சொல்றேன், உங்களுக்கென்ன?" என்றார். டைரக்ட் என்றால் ஈஎல்சிபியைக் கழற்றிவிட்டு நேராகக் கரண்ட் கொடுப்பது.

"முடியாதுண்ணே" என்றேன். அவ்வளவுதான். காரணத்தை அவரிடம் விளக்க அப்போது நேரமில்லை, அதனால் மனதுக்குள் இன்னும் விளக்கிக்கொண்டே இருக்கிறேன். பூட்ஸ் காலுக்குத்தான் அண்ணே, நீங்கள் கம்பி மேல் முட்டி போட்டிருக்கிறீர்கள். அந்தக் கம்பி வலை முழுக்க எர்த் மாதிரிதான். கையில் கரண்ட் வந்தால் முட்டி வழியாகப் போய்விடும். நனைந்த உடம்புக்கு 1,000 ஓம் என்று வைத்தால்கூட 230 வோல்ட்டில் 230 மில்லிஆம்பியர். ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும் மட்டும் விழும் 32 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு கணக்கே இல்லை, அசையாது. ஈஎல்சிபி ஒன்றுதான் போன கரண்டும் திரும்பிய கரண்டும் சமமா என்று பார்த்து, 30 மில்லிஆம்பியருக்குள் துண்டிக்கும். அதையும் கழற்றிவிட்டால் நடுவில் எதுவுமே இல்லை.

இப்படிச் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாரா? சந்தேகம்தான். அவர் கவலை வேறு.

ஸ்டாப்பர் வைத்து ஸ்லாபைப் பாதியில் நிறுத்தினார்கள். காத்திருந்த கான்கிரீட் லாரி திரும்பிப் போனது. சாயங்காலம் லேபர் கான்ட்ராக்டர் அந்த அண்ணனுக்குப் பாதிக் கூலிதான் கொடுத்தார். நான் போய்ப் பேசினேன். "ஓடாத மிஷினுக்கு யார் சார் கூலி கொடுப்பாங்க?" என்றார். யாருடைய உயிருக்காக நிறுத்தினேனோ அவர் பையிலிருந்தே பணம் போனது. என் சம்பளத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை.

மறுநாள் நல்ல வெயில். கேபிள், மோட்டார், பிளக் எல்லாவற்றையும் இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகரில் பார்த்தேன். எல்லாமே நன்றாக இருந்தன. அதிலிருந்துதான் குழப்பம். ஒருவேளை பிளக்குக்குள் மட்டும் தண்ணீர் புகுந்திருந்தால்? கசிவு அங்கேயே எர்த்துக்குப் போயிருக்கும், அவர் கைக்கு வந்திருக்காது. அப்படியானால் டைரக்ட்டாகக் கொடுத்திருந்தாலும் ஸ்லாப் முடிந்து எல்லாரும் முழுக் கூலியோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். கேபிள் ஜாயின்ட்டிலோ மோட்டாரிலோ கசிந்திருந்தால் கதை வேறு. மழையில் நிற்கும்போது இதில் எது என்று ஈஎல்சிபிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. விபத்து நடக்காத நாளில் அது நடந்திருக்கும் என்பதற்கு என்ன ஆதாரம் காட்ட முடியும்?

பேனல் செய்யும்போதே ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனி ஈஎல்சிபி கேட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். செலவு என்று வெட்டி, மாடி முழுவதற்கும் 63 ஆம்பியரில் ஒன்றே ஒன்று போட்டார்கள். இதை அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன். ஆனால் தனித்தனியாக இருந்திருந்தாலும் வைப்ரேட்டர் நின்றுதான் இருக்கும். மற்ற லைன்கள் தப்பியிருக்கும், அவ்வளவுதான்.

அந்த அண்ணன் அடுத்த வாரமே வேறு சைட்டுக்குப் போய்விட்டார். அங்கே டைரக்ட்டாகத்தான் ஓட்டுகிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இப்போதெல்லாம் மழைக்காலத்தில் ஸ்லாப் என்றால், ஸ்டாண்ட்பையாகப் பெட்ரோல் வைப்ரேட்டர் இருக்கிறதா என்று முந்தின நாளே கேட்கிறேன். சிவில் ஆட்கள் வேலையில் எலக்ட்ரிக்கல்காரன் ஏன் தலையிடுகிறான் என்று முகம் சுளிக்கிறார்கள். சில சைட்டில் கொண்டுவந்து வைக்கிறார்கள், சில சைட்டில் இல்லை. இல்லாத சைட்டில் தூறல் போட்டால் மறுபடியும் அதே பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். அன்றைக்கு யார் கூலியில் வெட்டு விழும் என்பதும் எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும்.