பொட்டாசியம் 6.1, லிப்போபுரோட்டீன்-ஏ 80: எதற்கு முதலில் ஓடுவது?

மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட் இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பிலேயே வந்துவிடுகிறது. அதில் இரண்டு எண்கள் தடித்த எழுத்தில் இருக்கின்றன: பொட்டாசியம் 6.1, லிப்போபுரோட்டீன்-ஏ 80. பலரும் லிப்போபுரோட்டீன்-ஏ என்ற கொழுப்பைப் பார்த்துத்தான் பதறுகிறார்கள். பொட்டாசியத்தை 'ஏதோ உப்புச் சத்து' என்று தள்ளி வைத்துவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது பொட்டாசியத்தைத்தான்.

ரத்தத்தில் அது 3.5 முதல் 5 வரை இருக்கலாம். 6-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து உண்டு. அதே சமயம், ரத்தப் பரிசோதனையில் அடிக்கடி பொய்யாகக் கூடிக் காட்டுவதும் இதுதான். உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்குள்ளேயே இருக்கிறது. டியூபுக்குள் கொஞ்சம் சிவப்பணு உடைந்தாலும் உள்ளே இருந்தது வெளியே கொட்டி, எண் ஏறிவிடும்.

உசிலம்பட்டியிலோ மேலூரிலோ காலை ஏழு மணிக்கு ரத்தம் எடுக்கிறார்கள் என்று வையுங்கள். சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) பிரிக்காத டியூப் ஐஸ் பெட்டியில் மதுரைக்கு வந்து சேரும்போது மதியமாகிவிடுகிறது. குளிரில் வைத்தால் பத்திரம் என்றுதான் தோன்றும். ஆனால் செல்லுக்குள் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும் பம்ப் குளிரில் மந்தமாகி, பொட்டாசியம் மெல்லக் கசிகிறது. ரத்தம் உறைய அரை மணி நேரம் விட்டு, அங்கேயே சுழற்றி, சீரத்தைப் பிரித்து அனுப்புவதே முறை. இன்னொரு தவறும் நடக்கும். ஊதா மூடி டியூபில் இருப்பது பொட்டாசியம் சேர்ந்த உறையாமருந்து. அந்த ரத்தத்தை சீரத்துக்கான மஞ்சள் மூடி டியூபில் கொஞ்சம் ஊற்றிவிட்டால் பொட்டாசியம் எகிறும், கால்சியம் விழும். ரிப்போர்ட்டில் இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் சந்தேகப்படுங்கள். கீழே சின்ன எழுத்தில் 'ஹீமோலைஸ்டு' (சிவப்பணு உடைந்தது) என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மறுபடி ரத்தம் கொடுக்கும்போது மெஷின் இருக்கும் லேபுக்கே நேராகப் போங்கள். விரல்களை மடக்கி மடக்கி விரிக்காதீர்கள். கையில் கட்டும் ரப்பர் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுகியிருக்கக் கூடாது.

ஆனால் 6-ஐத் தாண்டியிருந்தால், அதிலும் சிறுநீரகக் கோளாறு, கை கால் தளர்ச்சி, படபடப்பு இருந்தால், 'லேப் தப்பாக இருக்கும்' என்று வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஈசிஜி எடுக்க வேண்டும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் அவசரப் பிரிவு இரவிலும் திறந்திருக்கும்.

உண்மையிலேயே கூடியிருந்தால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினையும் மாத்திரை அட்டைகளையும் பார்க்க வேண்டும். ராமிப்ரில், எனலாப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன், ஸ்பைரனோலாக்டோன் எல்லாம் பொட்டாசியத்தை ஏற்றும். மூட்டுவலிக்கு கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளும் அப்படித்தான். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் எல்லா அட்டையையும் காட்டுங்கள். 'பிரஷருக்கு நல்லது' என்று வாங்கும் சோடியம் குறைந்த உப்பில் சோடியத்துக்குப் பதில் சேர்ப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. அதைச் சொல்ல யாருக்கும் நினைவு வருவதில்லை.

சிறுநீரகக் கல்லுக்கு வாழைத்தண்டுச் சாறு நல்லது என்று கேள்விப்பட்டு, சிறுநீரகம் பழுதான அப்பாவுக்கும் அதையே கொடுப்பது நம் ஊர்ப் பக்கம் சகஜம். மனம் வலிக்கிற விஷயம் இது. அவருக்கு அது ஆபத்து. இளநீரும் அப்படியே, 300 மில்லியில் அரை கிராம் அளவுக்குப் பொட்டாசியம் இருக்கும். அவருக்குச் சமைக்கும் காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட வேண்டும். வடித்த தண்ணீர் ரசத்துக்குப் போகக் கூடாது. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்கள் வாழைப்பழத்தை விட வேண்டியதில்லை.

லிப்போபுரோட்டீன்-ஏ வேறு ரகம். கெட்ட கொழுப்புத் துகளில் ஒரு புரத வால் ஒட்டிக்கொண்டது போன்றது. 1963-இல் நார்வேயின் கோரே பெர்க் கண்டறிந்தார். அதன் அளவைப் பெரும்பாலும் மரபணுவே தீர்மானிக்கிறது. கூடியிருந்தால் மாரடைப்பு, பக்கவாதம், இதய வால்வு இறுகல் ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடும். வழக்கமான லிப்பிட் ப்ரொஃபைலில் இது வராது, தனியாகக் கேட்க வேண்டும்.

80 என்றதும் யூனிட்டைப் பாருங்கள். மில்லிகிராமில் (mg/dL) 50-க்கு மேல் போனால் அதிகம், ஆகவே 80 தெளிவாகவே அதிகம். நானோமோலில் (nmol/L) 125-க்கு மேல்தான் அதிகம். அங்கே 80 நடுத்தரம். புரத வாலின் நீளம் ஆளுக்கு ஆள் மாறுவதால், ஒன்றை இன்னொன்றாகப் பெருக்கிச் சரியாகச் சொல்லவும் முடியாது.

வைகைக் கரையில் தினமும் நடந்தாலும் இந்த எண் இறங்காது. கெட்ட கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் இதைக் குறைக்காது. அதற்காக இரண்டையும் விட்டுவிடக் கூடாது. இதை எளிதில் குறைக்க முடியாததால்தான் கெட்ட கொழுப்பு, பிரஷர், சர்க்கரை, பீடி சிகரெட் ஆகியவற்றில் இன்னும் கண்டிப்பு தேவை. மாதாமாதம் பார்த்துக் காசை விரயமாக்காதீர்கள், பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறை போதும். சிறுநீரில் புரதம் போவது, தைராய்டு குறைவு போன்றவை இருந்தால் மட்டும் டாக்டர் மறுபடி எழுதுவார்.

அந்தக் காசில் கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒருமுறை பார்க்கலாம். திருப்பூரில் வேலை பார்க்கும் தம்பிக்கு போனில் சொல்லும்போது எண்ணோடு யூனிட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.