மஞ்சள் அரைத்துக் கொடுத்தேன் வாராகிக்கு

பன்றி முகம் கொண்ட வாராகி அம்மனின் உபாசனை என்றாலே பலருக்கும் ஏவல், பில்லி, எதிரி நாசம் என்றுதான் நினைப்பு ஓடும். ‘வாராகிக்காரனோடு வாதாடாதே’ என்று ஒரு சொலவடை வேறு. உக்கிர தெய்வத்தை வீட்டில் வைத்துக் கும்பிடலாமா என்று எங்கள் வீட்டிலும் தயங்கினார்கள்.

நான் அவளை முதலில் பார்த்தது தஞ்சைப் பெரிய கோயிலில், ஆஷாட நவராத்திரி சமயம். ஆனி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி நாளுக்கொரு அலங்காரம்: மஞ்சள், குங்குமம், தேங்காய்ப்பூ, மாதுளை என்று. நான் போன அன்று காய்கறி அலங்காரம். கத்தரிக்காய்க்கும் பூசணிக்கும் நடுவே அந்தப் பன்றி முகத்தைப் பார்த்ததும் பயம் வரவில்லை. அவள் ஆயுதங்களே கலப்பையும் உலக்கையும்தானே! உழுகிறவளிடமும் நெல் குத்துகிறவளிடமும் சோற்றுக்கவலையைச் சொல்லலாம் என்று தோன்றியது.

அன்றிலிருந்து பஞ்சமி தோறும் பொழுது சாய்ந்ததும் ஒரு நெய்விளக்கு ஏற்றுகிறேன். பஞ்சமீ, தண்டநாதா, ஸங்கேதா என்று தொடங்கும் 12 நாமங்களைச் சொல்லி, சர்க்கரைவள்ளிக் கிழங்கோ எள்ளுருண்டையோ வைப்பேன். கிழங்கு அவளுக்கு உகந்தது என்பார்கள். யார் பெயரையும் சொல்லி, ‘அவனைப் பார்த்துக்கொள் தாயே’ என்று கேட்பதில்லை. லலிதாம்பிகையின் படைத்தலைவி அவள். அவளிடம் என் சில்லறைப் பகையைக் கொண்டுபோய் வைக்க மனசு வரவில்லை. என் பயங்களைத்தான் சொல்கிறேன்.

உத்தரகோசமங்கைக்குப் போக வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. ராமநாதபுரத்திலிருந்து பஸ். மரகத நடராஜர் இருக்கும் மங்களநாதர் கோயிலைத் தரிசித்துவிட்டு வாராகி சந்நிதிக்குப் போனேன். அங்கே வரிசையாக அம்மிகள். விரலி மஞ்சளை நம் கையாலேயே அரைத்துக் கொடுக்க வேண்டும், அதைத்தான் அம்மனுக்குச் சாத்துகிறார்கள்.

காய்ந்த மஞ்சள் லேசில் மசியாது. குழவிக்கு அடியில் வழுக்கி ஓடியது. பக்கத்து அம்மியில் இருந்த அம்மா பார்த்துவிட்டு, “முதல்ல தட்டி உடைம்மா, அப்புறம் கொஞ்சமா தண்ணி தெளி” என்றார். நுணுக்கிய மஞ்சளில் தண்ணீர் பட்டதும் மண்வாசனை மாதிரி ஒரு நெடி கிளம்பியது. தோள்பட்டை கடுத்தது. நாமங்களை வாய்விட்டுச் சொல்ல மூச்சு போதவில்லை, குழவி போய் வரும் கணக்கில் மனசுக்குள் ஓடவிட்டேன். வீட்டில் விளக்கின் முன் உட்கார்ந்தால் கடைக்கும் ஆபீசுக்கும் அலைகிற மனசு, அங்கே அலையவில்லை. உடம்பு உழைத்தால் மனசு தானாக ஜபத்தில் நிற்கும் என்று அன்றைக்குப் புரிந்தது. அரைத்ததை வழித்துக் கொடுத்துவிட்டு நின்றேன். மேலெல்லாம் மஞ்சளாக இருந்தாள். அதில் என் பிடியும் இருக்கிறது என்ற நினைப்பிலேயே கண் நிறைந்துவிட்டது.

இப்போது வீட்டிலும் பஞ்சமியன்று கடை மஞ்சள்தூள் கிடையாது. அம்மியில் நானே அரைக்கிறேன், நாமங்களும் அப்போதே தொடங்கிவிடும்.

மூலமந்திரம் வேண்டாமா என்று கேட்கிறார்கள். வீடியோவில் கேட்டு பீஜாட்சரங்களை, அதாவது மந்திரத்தின் விதை எழுத்துகளை, ஜபிப்பதில் எனக்கு உடன்பாடில்லை, அது குரு வாயால் வர வேண்டியது. லலிதாம்பிகையை வழிபடும் ஸ்ரீவித்யா முறையில் உபாசனை செய்கிற, எனக்குத் தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். “நாமத்தை விடாம சொல்லிட்டு வா. கொடுக்கிற நேரம் வந்தா நானே கூப்பிடறேன்” என்றார். சரி என்று வந்துவிட்டேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.