மோட்டாரை எப்போது நிறுத்துவது?

மின்மோட்டார் பொருத்திய ரேடியோ கிளைடர்களை, அதாவது ரிமோட்டால் இயக்கும் சிறு மிதவை விமானங்களை, வைத்துக்கொண்டு போட்டிக்குப் போகிறேன் என்று அலுவலகத்தில் சொன்னால், அடுத்ததாக வரும் கேள்வி பெரும்பாலும் "எவ்வளவு உயரம் போகும்?" என்பதுதான். நான் பறக்கும் எஃப்5ஜே பிரிவில் இந்தக் கேள்விக்கு மதிப்பே இல்லை. எவ்வளவு தாழ்வில் மோட்டாரை நிறுத்தத் துணிகிறோம் என்பதை வைத்தே அங்கே வெற்றி தீர்மானிக்கப்படுகிறது.

உலக வான் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஏஐ வகுத்துள்ள விதிகள் எளியவை. இறக்கையின் நீளம் 4 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரு குழுவில் உள்ள அனைவருக்கும் ஒரே 10 நிமிடம் தரப்படும். இறுதிச் சுற்றுகளில் அது 15 நிமிடம். கையால் எறிந்ததும் மோட்டாரை அதிகபட்சம் 30 விநாடி ஓட்டலாம். ஒருமுறை நிறுத்திவிட்டு மறுபடியும் இயக்கினால் அந்தச் சுற்றே பூஜ்யம். காற்றில் இருக்கும் ஒவ்வொரு விநாடிக்கும் ஒரு புள்ளி. குறிப்பிட்ட புள்ளியிலிருந்து ஒரு மீட்டருக்குள் மூக்கைக் கொண்டுவந்து தரையிறக்கினால் 50 புள்ளி, அதற்கு மேல் விலகும் ஒவ்வொரு மீட்டருக்கும் 5 புள்ளி குறைவு. இவற்றோடு விமானத்துக்குள் ஒரு சிறு உயரமானி இருக்கும். காற்றழுத்தத்தை அளந்து, மோட்டார் ஓடிய நேரத்திலும் அது நின்ற பிறகான 10 விநாடிகளிலும் எட்டிய அதிகபட்ச உயரத்தை அது பதிவு செய்துகொள்ளும். அந்த உயரத்தில் 200 மீட்டர் வரை மீட்டருக்கு அரைப் புள்ளியும், அதற்கு மேல் மீட்டருக்கு 3 புள்ளியும் கழிக்கப்படும்.

அந்த 10 விநாடி தற்செயலாக வந்ததல்ல. அது இல்லாவிட்டால், தாழ்வாகவே முழு வேகத்தில் பறந்து, மோட்டாரை நிறுத்திய மறுகணம் மூக்கைத் தூக்கி, இலவசமாக நாற்பது ஐம்பது மீட்டர் ஏறிவிடலாம்.

இனிக் கணக்கைப் பார்க்கலாம். கார்பன் நாரால் செய்த நல்ல போட்டிக் கிளைடர், அசைவற்ற காற்றில் விநாடிக்குச் சுமார் 0.35 மீட்டர் இறங்கும் என்று வைத்துக்கொண்டால், 10 நிமிடம் மிதக்க 210 மீட்டர் உயரம் வேண்டும். தண்டனை கடுமையாகத் தொடங்கும் 200 மீட்டர் எல்லை ஏறக்குறைய அதே இடத்தில்தான் இருக்கிறது. எந்தக் காற்றையும் நம்பாமல் பிழைத்துக்கொள்ள நினைப்பவர் அங்கேயே நூறு புள்ளிக்கு மேல் இழந்துவிடுகிறார். 50 மீட்டரில் நிறுத்தியவர் இழப்பது 25 புள்ளி மட்டுமே என்றாலும், அவர் கையில் இருப்பது இரண்டரை நிமிடத்துக்கும் குறைவான உயரம். அதற்குள் தெர்மல் எனப்படும் வெப்பக் காற்றின் எழுச்சியைக் கண்டுபிடித்தாக வேண்டும். கண்டுபிடித்தால் குழுவில் முதலிடமும் 1000 புள்ளியும் அவருக்கு. மற்றவர்களின் புள்ளிகள் அந்த விகிதத்தில் குறைத்து எழுதப்படும். 2019இல் ஸ்லோவாக்கியாவின் டிர்னாவாவில் இந்தப் பிரிவுக்கு முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. அந்த அளவில் பறப்பவர்கள், காற்று எழும்புவது உறுதியாகத் தெரிந்தால் 30 மீட்டருக்குக் கீழேயே மோட்டாரை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இன்னும் அந்தத் துணிவு வரவில்லை. 60 மீட்டருக்குக் கீழே என் விரல் தயங்குகிறது.

பெங்களூரின் காற்று இந்த ஆட்டத்துக்கு நன்றாகவே ஒத்துழைக்கிறது. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை, ஓசகோட்டைக்கு அப்பால் உழுது போட்ட செம்மண் நிலங்களும் வறண்ட ஏரிப் படுகைகளும் காலை ஒன்பதரை மணிக்கெல்லாம் சூடேறத் தொடங்கிவிடும். அவற்றை ஒட்டிய தைலமரத் தோப்புகள் அவ்வளவு விரைவில் சூடாவதில்லை என்பதால், இரண்டுக்கும் இடையிலான விளிம்பில் தெர்மல் கிளம்ப வாய்ப்பு அதிகம். எழும்பும் காற்றின் இடத்தை நிரப்பச் சுற்றிலுமிருந்து காற்று உள்ளே பாய்வதால், தரையில் நிற்கும் நமக்கு அது திசை மாறிய தென்றலாகத் தெரியும். கம்பத்தில் கட்டிய நாடா வழக்கமான திசையை விட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தால், அது சாயும் பக்கத்தில்தான் தெர்மல் இருக்கிறது. கரும்பருந்துகளும் உதவுகின்றன. விமானத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற, நாங்கள் அண்ணன் என்றே அழைக்கும் மூத்தவர் ஒருவர், நான் பருந்தைக் கண்டதும் அதை நோக்கி விரைவதைப் பார்த்து, "தம்பி, அது எவ்வளவு மேல இருக்குன்னு பாரு. அங்க மேல போற காத்து உனக்குக் கீழ இருக்கணும்னு இல்லை. இறக்கையை அடிக்காம தாழ்வா சுத்துற பருந்து கிடைச்சா மட்டும் போ" என்றார். தெர்மல் காற்றோடு நகர்ந்துகொண்டே மேலே போகிறது. உயரத்திலுள்ள பருந்துக்கு நேர் கீழே போனால் பெரும்பாலும் அது கிளம்பி வந்த தடத்தை விட்டுவிட்டு, கீழிறங்கும் காற்றில் மாட்டிக்கொள்வோம்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதற்கு இந்த ஊர் ஒரு விலையும் வாங்கிக்கொள்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி சென்னைக் கடற்கரையைவிட ஏறத்தாழ 9 சதவீதம் குறைவு. அதே எடையைத் தாங்க அதே இறக்கை சுமார் 5 சதவீதம் வேகமாகப் பறக்க வேண்டியிருக்கிறது, ப்ரொப்பெல்லரின் இழுவையும் குறைகிறது. சென்னையில் பழகிவிட்டு வரும் நண்பர்கள் தரையிறக்கும்போது புள்ளியைத் தாண்டிப் போய்விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்குள்ள வான்வெளிச் சட்டம்தான் ஆட்டத்தின் போக்கையே மாற்றிவிடுகிறது. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி, அரசின் வான்வெளி வரைபடத்தில் பச்சை மண்டலம் என்று குறித்த பகுதியில் அனுமதி கேட்காமல் பறக்கக்கூடிய உச்சவரம்பு 400 அடி, அதாவது சுமார் 120 மீட்டர். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடிதான். தேவனஹள்ளி, எலஹங்கா, ஜக்கூர், பழைய எச்ஏஎல் நிலையம் என்று ஊரைச் சுற்றி விமானத்தளங்கள் இருப்பதால், வரைபடத்தைத் திறந்து பார்க்காமல் திடலைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. எங்கள் கிளைடர்கள் 2 கிலோவுக்குக் குறைந்தவை, வணிக நோக்கமற்றவை என்பதால் ஓட்டுநர் சான்றிதழ் தேவையில்லை. அந்த அளவுக்கு நிம்மதி. ஆனால் நல்ல தெர்மல் கிடைத்தவன் 300 மீட்டருக்கு ஏறி, அந்த உயரத்தைச் சேமிப்பாக வைத்துக்கொண்டு மீதி நேரத்தைக் கழிப்பது எஃப்5ஜேயின் வழக்கமான உத்தி. அது இங்கே கிடையாது. நாங்கள் எங்களுக்குள் நடத்தும் போட்டிகளில் 110 மீட்டரில் ரிமோட் குரல் கொடுத்தவுடன் தெர்மலை விட்டு வெளியேறிவிட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். 110 மீட்டர் என்பது அசைவற்ற காற்றில் ஐந்து நிமிடச் சொத்து. ஆகவே ஒரே தெர்மலில் 10 நிமிடத்தையும் முடித்துவிட முடியாது. இரண்டாவதாக ஒன்றைத் தேடியே ஆக வேண்டும், அல்லது கிடைத்த தெர்மலின் விளிம்பிலேயே ஏறாமலும் இறங்காமலும் நிற்கப் பழக வேண்டும். முதலில் இதைக் குறையாகவே பேசிக்கொண்டிருந்தோம். இப்போது எனக்கு இந்தக் கட்டுப்பாடு பிடித்திருக்கிறது, ஏனெனில் வானத்தை வாசிக்கும் வேலை 10 நிமிடமும் நீடிக்கிறது.

அந்த வாசிப்பில் பாதி, பக்கத்தில் நிற்கும் உதவியாளருடையது. பறப்பவரின் கண் தன் கிளைடரை விட்டு அகல முடியாது. மற்றவர்களில் யார் ஏறுகிறார்கள், பருந்து எந்தப் பக்கம், எத்தனை நிமிடம் மீதம் என்பதையெல்லாம் உதவியாளரே சொல்ல வேண்டும். நானும் ஒசூரிலிருந்து வரும் நண்பரும் தமிழில் பேசிக்கொள்வதால் எங்கள் திட்டம் பிறருக்குத் தெரியாது என்று எண்ணினோம். பெங்களூரில் தமிழ் ரகசிய மொழி ஆகாது. "தோப்புக்கு மேல ஏறுது" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் மூன்று கிளைடர்கள் தோப்பின் பக்கம் திரும்பிவிடுகின்றன.

புதிதாக வருபவர்கள் கார்பன் கிளைடருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ரேடியன் போன்ற 2 மீட்டர் நுரைக் கிளைடர் கூடுதலாக இறங்கும்தான், ஆனால் தெர்மலுக்குள் நுழையும்போது எந்த இறக்கை தூக்கப்படுகிறது என்பதை அது தெளிவாகக் காட்டிவிடும். முதல் பருவத்தில் அதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்பது என் கருத்து.

தரையிறக்கத்தைத்தான் எல்லோரும் அலட்சியப்படுத்துகிறார்கள். ஒரு மீட்டர் தவறினால் போகும் 5 புள்ளி, 10 மீட்டர் உயரத்தின் தண்டனைக்குச் சமம். பதற்றத்தோடு 40 மீட்டரில் மோட்டாரை நிறுத்தி 60 மீட்டர்காரரைவிட 10 புள்ளி சேர்த்தவர், புள்ளியிலிருந்து இரண்டு மீட்டர் கூடுதலாக விலகி இறங்கினால் அவ்வளவும் போயிற்று. நேரம் முடிந்த பின் ஒரு விநாடி காற்றில் இருந்தாலும் தரையிறக்கப் புள்ளி முழுவதும் இல்லை. இறக்கையின் உட்பக்க மடிப்பான ஃபிளாப்பைக் கீழிறக்கி, நுனிப்பக்க மடிப்பான எய்லரானை மேலே தூக்கி வேகத்தைக் கொல்லும் அந்தக் கடைசி இருபது விநாடியைப் பழக தெர்மலும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன், ஜூலை மாதங்களில் போட்டி நடத்துவது கடினம் என்பதால், அப்போது நாங்கள் 30 மீட்டருக்கு ஏறுவதும் இறங்குவதுமாக இதை மட்டுமே பழகுகிறோம். அளக்கும் நாடாவைக் கொண்டுவரும் பொறுப்பு சுழற்சி முறையில் வருகிறது, இந்த வாரம் என்னுடையது.